பாகூர் சாப்பாட்டுக் கடையில் கொடுத்த எட்டணா

1976-ஆம் ஆண்டு ஜூன் 9, புதன்கிழமை, பகல் பதினொன்று ஐம்பது. கத்திரி முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் வெயில் இறங்கவில்லை. மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. வானத்தில் துண்டு மேகம் இல்லை. வில்லியனூரிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டு நானும் என் மனைவியின் அண்ணனும் பாகூர் கடைத்தெருவில் இறங்கினோம். என் மகளுக்காக ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்திருந்தோம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றரை மணிக்குப் பிறகு வருவதாகத் தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தோம். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை இராகு காலம். அந்தப் பக்கத்து பஸ் எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாக வரும் என்று கணக்குப் போட்டு நான் முன்னதாகவே கிளப்பிவிட்டேன். அன்றைக்கென்று அது நேரத்துக்கு வந்துவிட்டது. கையில் நூறு நிமிடம், தலைக்கு மேல் வெயில்.

என் மகளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அதற்கு முன் மூன்று இடங்கள் தட்டிப் போயிருந்தன. மூன்றையும் தட்டியது நான்தான் என்பது என் மனைவியின் கட்சி. முதல் வீட்டில், கிணற்றில் எத்தனை பங்கு என்று கேட்டேன். இரண்டாவது வீட்டில் எத்தனை பல்பு எரிகிறது என்று எண்ணிவிட்டு, மாதம் என்ன கரண்டு பில் வருகிறது என்று விசாரித்தேன். மூன்றாவது வீட்டில் மாப்பிள்ளையின் தங்கைகளை இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் வேறு வேறு தொகை வந்தது, அதைச் சொன்னேன். பெண்ணைக் கொடுக்கிறவன் இவ்வளவுகூடக் கேட்கக்கூடாதா என்பது என் கட்சி.

இந்த நான்காவது இடத்தை மகளே விரும்பினாள். பையன் மின்துறையில் வேலை பார்த்தான். எங்கள் தெருவில் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொள்ள மாதாமாதம் வருகிறவன். நான் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் வந்து போவான். மகள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. தூரத்துச் சொந்தம், ஜாதகமும் பொருந்தியிருந்தது. பாகூரில் நாலு காணி நிலம், கடைத்தெருவில் சொந்தக் கட்டடம், வியாபாரம் என்று தரகர் சொன்னார். இன்ன வியாபாரம் என்று சொல்லவில்லை. கேட்க வாயெடுத்தேன். மனைவி முறைத்தாள், விட்டுவிட்டேன். காலையில் புறப்படும்போது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எதையும் எண்ணாதீங்க. இதுவும் போச்சுன்னா உங்க பொண்ணு ஆயுசுக்கும் உங்ககிட்ட பேச மாட்டா."

மகள் வாசற்படி வரை வந்து என் குடையை எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படியெல்லாம் வருகிற பழக்கமில்லை.

சம்பந்தம் பேசி முடிகிற வரை ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு பார்க்கப் போகிற இடத்தில் மோர்கூடக் குடிக்க மாட்டோம். ஆகவே பசியை வெளியிலேயே தீர்த்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றியது. மச்சானுக்கு எப்போதும் பசிதான். 'சாப்பாடு தயார்' என்று பலகை தொங்கிய கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இவர்களை சொல்தா என்பார்கள். பாண்டிச்சேரி டவுனில் குடியிருந்தார். எங்கே யார் என்ன செய்தாலும் மேலே ஏதாவது கொடுப்பார். முடி வெட்டியவருக்குக் கொடுப்பார், சைக்கிளைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுப்பார், மணியார்டர் கொண்டுவந்தவருக்குக் கொடுப்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் பூர்புவார். குடிக்கக் கொடுப்பது என்று அர்த்தமாம். நான் அதை இனாம் என்பேன். சம்பளம் கொடுக்க முதலாளி இருக்கும்போது அதில் நான் எதற்குப் பங்கு போட வேண்டும் என்று கேட்பேன். டவுனில் பெரிய ஓட்டல், மேசைக்கு மேல் காற்றாடி, பில்லைத் தட்டில் சோம்போடு கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நிற்கிறான் என்றால் வேறு வழியில்லை, பத்துக் காசு வைப்பேன். சாப்பிட்ட இலையை நாமே எடுத்துப் போடுகிற கடையில் பாதி வேலை நம்முடையது, அங்கே எதற்கு? மச்சானும் நானும் இதைப் பற்றி இருபது வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறோம். இருவரில் ஒருவரும் ஜெயிக்கவில்லை.

அந்தக் கடை இலையை எடுத்துப் போடுகிற ரகம். நாலு பெஞ்சு. கல்லாவில் ஒரு வயதான அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறியவர் ஒருவர்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. மச்சான் கெண்டைக் குழம்பு கேட்டார். சம்பந்தம் பேசப் போகும்போது மீனா என்று கேட்டேன்; மீனுக்கு என்ன சகுனம் தெரியும் என்றார். நான் ரசத்தோடும் மோரோடும் நிறுத்திக்கொண்டேன். நல்ல சாப்பாடு. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு நல்ல சாப்பாடு.

விலை இரண்டு சாப்பாட்டுக்கு மூன்றரை ரூபாய், மீனுக்கு அறுபது காசு. பரிமாறியவர் கல்லாவைப் பார்த்து நாலு ரூபாய் பத்து காசு என்று குரல் கொடுத்தார். நான் ஐந்து ரூபாய் கொடுத்தேன். அந்த அம்மாள் கொடுத்த மீதியை இரண்டு தரம் எண்ணிச் சட்டைப் பையில் போட்டேன். கை கழுவி வந்த மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா மாப்ள, அந்தாளுக்கு ஒண்ணும் குடுக்கலியா?"

"இது இன்னா டவுன் ஓட்டலா? இலைய யாரு எடுத்துப் போட்டது?"

"ரசத்த யாரு ஊத்துனது? நீயா போயி மொண்டுக்கினு வந்த? பொண்ணுக்கு எடம் பாக்க வந்துட்டு இப்படி முடிஞ்சி வெச்சிக்கினு போனா வெளங்குமா?"

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. குடையைக் கொடுத்த மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பையிலிருந்து எட்டணாவை எடுத்தேன். அதை எப்படிக் கொடுப்பது, இலைக்குப் பக்கத்தில் வைப்பதா, கையில் கொடுப்பதா என்று நான் யோசிப்பதற்குள் மச்சான் அதைப் பிடுங்கி, அந்த மனிதரின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டார்.

"வச்சுக்கப்பா. டீ குடி."

அவர் விரலைப் பிரித்துக் காசைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

காசை இடுப்பில் சொருகிக்கொண்டார். கல்லா அம்மாள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

ஒன்று முப்பத்தைந்துக்கு, தரகர் சொன்ன அடையாளத்தை வைத்து அடுத்த தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தோம். நல்ல ஓட்டு வீடு. கூடத்தில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். முறைப்படி வேண்டாம் என்று சொன்னேன். ஓடுகளை எண்ண ஆரம்பித்த கண்ணைத் தரைக்குத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்காரரும் அவருடைய அக்காளும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

பின்கட்டுக் கதவு திறந்தது. முதலில் வந்தது கல்லாவில் உட்கார்ந்திருந்தவர். அவருக்குப் பின்னால், நெற்றியில் விபூதியும் வெள்ளைச் சட்டையுமாக, எங்களுக்குப் பரிமாறியவர்.

இந்தோசீனாவில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே படுத்து எழுந்ததாகச் சொல்லும் மச்சான், என் முழங்காலைப் பிடித்த பிடியில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன.

பிறகு தெரிந்துகொண்டது இது. கடைத்தெருவில் இருந்த அந்தக் கடையும் அடுத்த தெருவில் இருந்த இந்த வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. கடை அவர்களுடையது. சமைப்பது மாப்பிள்ளையின் அம்மா. கல்லாவில் உட்காருவது மாப்பிள்ளையின் அத்தை. பரிமாற ஓர் ஆள் உண்டு. அன்று முகூர்த்த நாள் என்று அவர் சுத்துக்கேணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதனால் முதலாளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பரிமாறியிருக்கிறார். சம்பந்தியாகப் போகிறவரின் கையில் எட்டணாவைத் திணித்து டீ குடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றேன். பஸ்ஸில் கூட்டமா என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதால், இல்லை என்றேன். எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. தட்டிப்போன மூன்றும் இந்த ஒன்றும் நாலு என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சானால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார். தெரியாமல் நடந்துவிட்டது, ஒருமையில் வேறு பேசிவிட்டேன், வயசில் பெரியவர் மன்னிக்க வேண்டும் என்றார். இவர்தான் அவரைவிட நாலு வயது பெரியவர்.

பதில் சொன்னது அத்தை. "காசு குடுத்தது கெடக்கட்டும். எங்க அடுப்புல பொங்குன சோத்த சாப்ட்டாச்சு. பேசி முடிக்காத கை நனைச்சிட்டா அந்த எடம் ஆவாது. எங்க வழக்கம் அது."

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். "அம்மா, நாங்க வெல குடுத்துதான் சாப்ட்டோம். அது கடை. இதுதான் வூடு. வெல குடுத்து வாங்கினதுக்கு வழக்கம் எப்படி வரும்?"

அவர் யோசித்தார். கல்லாவில் உட்காருகிறவர் அல்லவா, கணக்கு அவருக்கும் பிடித்திருந்தது.

"சரி. நாலு ரூவா பத்து காசு. சோத்துக்கும் மீனுக்கும் அது வெல. ஒத்துக்கறேன். மேல எட்டணா குடுத்தீங்களே, அது எதுக்கு வெல?"

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் அத்ததான் கேக்கணும்னு இருந்தேன். எதுக்குக் குடுத்தீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். வழக்கத்துக்குக் கொடுத்தோம் என்று சொன்னால் அவரைக் கூலி ஆளாக்கியதாகும். சும்மா கொடுத்தோம் என்றால் பிச்சையாகும். பெருமைக்குக் கொடுத்தோம் என்றால் பாதி உண்மை. எண்ணாதே என்று மனைவி சொன்னது நினைவிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல் என்று சொன்னதும் அவள்தான். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது.

"ரசம் மூணு தரம் ஊத்துனீங்க. ரெண்டு தரம் நான் கேக்கவே இல்ல, சோறு காஞ்சி கெடக்கறத நீங்களே பாத்து ஊத்துனீங்க. கூரை சந்து வழியா வெயிலு என் இலைமேல விழுந்துது, சாக்க இழுத்து வுட்டீங்க. இவருக்கு வயித்துப் பக்கத்துத் துண்டா வெச்சீங்க, முள்ளு பாத்து சாப்டுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. அந்தக் கடைசி பெஞ்சில ஒரு கெழவரு மோருக்குக் காத்துக்கினு இருந்தாரு, எங்கள வுட்டுட்டு அவருக்கு மொதல்ல ஊத்துனீங்க. அதுக்கெல்லாம் பில்லுல எடம் இல்லீங்க. அதான்."

சொல்லி முடித்த பிறகுதான் நாலு விஷயத்தை எண்ணிக்கையோடு சொல்லிவிட்டது தெரிந்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இருவது வருசமா கடை வெச்சிருக்கேன். இத்த எவனாச்சும் பாத்துருக்கானா?"

அத்தை பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. "எல்லாம் சொன்னாரு, கொழம்பப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

நான் மீன் சாப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சான் முந்திக்கொண்டார். "நாலாவது கரண்டி கேக்க வெக்கமா இருந்துச்சும்மா. கேட்டிருப்பேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "அப்ப அந்த எட்டணா வெல இல்ல. மனசு வந்து குடுத்தது. பொண்ணு வூட்டுக் கையிலேர்ந்து மாப்ள வூட்டுக் கைக்கு வந்துட்டுது, இவனும் இடுப்புல சொருவிக்கினான். இனிமே இல்லன்னு சொல்ல முடியாது. பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காது. இப்பவே வெத்தல பாக்கு மாத்திக்கினு போங்க."

நகை, சீர், எந்தப் பேச்சும் பேசாமல் ஐம்பது காசில் ஒரு சம்பந்தம் முடியுமா என்று எனக்குத் திகைப்பு. எத்தனை பவுன் என்று கேட்கலாமா என நினைத்தேன். மச்சான் மறுபடி முழங்காலைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பாவே ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணுக்கு நீங்க போடறது உங்க இஷ்டம். நான் ஒண்ணே ஒண்ணு கேப்பேன்."

சட்டைப் பை தானாக இறுகியது போலிருந்தது. சொல்லுங்கள் என்றேன்.

"கல்யாணத்துல பந்தி நடக்கும். பொண்ணு மாப்ளயப் பாப்பாங்க, மொய் வெப்பாங்க, போயிடுவாங்க. பரிமாறுனவன எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். பந்தியில பரிமாறுற ஒவ்வொருத்தர் கையிலயும் நீங்களே குடுக்கணும். எட்டணா வேணாம், கல்யாணம் இல்லியா, ஒண்ணேகா ரூவா குடுங்க."

கணக்குப் போட்டேன். பந்திக்கு ஆறு பேர், மிஞ்சினால் எட்டு. எட்டுக்கு மேல் போனாலும் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரமாக எதற்கும் சரி என்று சொன்னதில்லை. மச்சான் கடைத்தெருவுக்கு ஓடி வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் வாங்கி வந்தார். பழக்கடைக்காரருக்கும் பூர்புவார் கொடுத்திருப்பார், நான் விசாரிக்கவில்லை. தட்டு மாற்றிக்கொண்டோம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். முறைப்படி குடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் கதவருகில் நின்றாள். குடையை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எண்ணுனீங்களாப்பா?"

"எண்ணுனேன். கேட்டாங்க, சொன்னேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து மச்சான் அவசரமாக மீதிக் கதையைச் சொன்னார்.

அதன் பிறகு ஓட்டலில் நான் கொடுக்கிறேனா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். ஆனால் தட்டில் வைப்பதில்லை, கையில்தான் கொடுப்பேன். தட்டில் வைத்தது யாருக்குப் போகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? கொடுப்பதற்கு முன்னால் இவர் பரிமாறுகிறவரா முதலாளியா என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொள்கிறேன். இதனால் பஸ்ஸைத் தவறவிட்டதும் உண்டு.

கல்யாணம் ஆவணியில், வில்லியனூரில், எங்கள் வீட்டு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. சமையல்காரர் ஆறு பேரைப் பரிமாறக் கூட்டிவந்திருந்தார். ஜாக்கிரதைக்குப் பத்து பேருக்கு என்று பன்னிரண்டரை ரூபாயை ஒரு ரூபாய் நோட்டும் கால் ரூபாய்க் காசுமாக மாற்றி ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன். முதல் பந்தி ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். பந்தி என்றால் அவர்களுக்கு உட்காரத் தெரியாது. அத்தை வேறு பாகூரில் இருந்து பஸ் ஏறியவர்கள் அத்தனை பேரிடமும் நிபந்தனையைச் சொல்லியிருக்கிறார். சோறு வந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். அவருடைய மகன்கள் அப்பளக் கூடையை எடுத்தார்கள். ஏம்பலத்தில் இருந்து வந்த ஒரு பெரியவர் உப்பு வைத்தார். உப்பு மட்டும்தான் வைத்தார், மூன்று பந்தியிலும் வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா ரச வாளியோடு யாரும் கேட்காமலே ஊற்றிக்கொண்டு போனார். சமையல்காரர் கூட்டிவந்த ஆறு பேரும் வேலை இல்லாமல் சுவர் ஓரம் நின்றார்கள்.

மூன்றாம் பந்தி முடிந்ததும் சமையல் கட்டு வாசலில் வரிசை நின்றது. முதலில் நின்றவர் என் சம்பந்தி. சிரிக்காமல் கையை நீட்டினார். கொடுத்தேன். அடுத்தது உப்புக்காரர். இதற்கும் உண்டா என்றேன்.

"உப்பில்லாத சாப்ட்டுப் பாத்தியாப்பா?"

கொடுத்தேன். ஒருவர் தண்ணீர் ஊற்றினேன் என்றார், ஒருவர் இலை போட்டேன் என்றார். ஒருவர் இலையைத் துடைத்தேன் என்றார், அது தனி வேலையா என்று கேட்டேன், துடைக்காத இலையில் நீ சாப்பிடுவாயா என்று வரிசையில் நின்ற எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். பத்தாவது ஆளோடு பை காலி. மொய் எழுதுகிறவரிடம் ஓடி, பெரிய நோட்டைக் கொடுத்து, வந்த மொய்ப் பணத்திலிருந்து சில்லறை மாற்றிக்கொண்டு வந்தேன். மச்சான் பாயச வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் மாப்பிள்ளை வீடு இல்லையே என்றேன். நிபந்தனையில் வீடு பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று சம்பந்தி சாட்சி சொன்னார். சமையல்காரரின் ஆறு பேரும் வந்தார்கள். சும்மா நின்றதற்கா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

மணவறைப் பக்கம் பார்த்தேன். மாலையோடு என் மகள் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பையை இறுக்கிப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. அதற்குப் பிறகு வந்த யாரையும் என்ன பரிமாறினாய் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு கை நீண்டது. வளையல் கை. என் மனைவி.

"கடைசி பந்தியில ரெண்டு வரிசைக்கு மோர் ஊத்துனேன். எண்ணிக் குடுங்க."

எண்ணிக் கொடுத்தேன். அவளோடு சேர்த்து நாற்பத்தேழு பேர். தலைக்கு ஒன்றேகால். ஐம்பத்தெட்டு ரூபாய் எழுபத்தைந்து காசு.